உங்கள் அடுப்பு யார் இடத்தில் எரிகிறது?



சென்ற மாதம் லப்பைக்குடிக்காட்டில் ஒரு குழுவின் பதிவேடுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, உறுப்பினர் ஒருவர் வாசல் வரை கூடவே வந்தார். கடைத்தெருவில் இட்லிக் கடை வைத்திருப்பவர். 11 வருடமாக அதே இடம். விடியற்காலையில் இட்லி, பொங்கல், வடை என்று ஆரம்பித்து, பத்தரை மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார். குழுவில் வாங்கிய மூன்று கடனையும் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவர்.

"மேடம், மாசம் மூவாயிரம் வாடகை கொடுத்துக்கிட்டு இருக்கேன். இனிமே ஒம்பதாயிரம் வேணுமாம். இல்லேன்னா காலி பண்ணிக்கன்னு சொல்லிட்டாங்க. பக்கத்துல கண்ணாடிக் கதவு போட்டுப் புதுக் கடை வந்துச்சுல்ல, அந்த மாதிரி ஆளுங்க அவ்வளவு தர்றாங்களாம். எனக்கு யாவாரம் நல்லாத்தானே போகுது. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. சொல்லப்போனால் வியாபாரம் நன்றாக நடந்ததுதான் வாடகை ஏறியதற்கு ஒரு காரணம். இதை அவருக்கு நின்ற இடத்தில் விளக்க முடியவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நம் கூட்டமைப்பில் இட்லிக் கடை, டிபன் கடை, டீக்கடை, பணியாரக் கடை, சமோசா வியாபாரம் என்று அடுப்பை நம்பி இருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் எல்லோருக்குமாக இந்த இதழில் எழுதுகிறேன்.

ஊர் மாறுகிறது, வாடகையும் மாறுகிறது

நம்ம ஊர் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளாற்றின் கரையில் இருக்கும் சின்ன பேரூராட்சி. ஆனால் துபாய், சவூதி, சிங்கப்பூர் என்று போன பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் மாடி வீடுகள் வந்தன. லீவில் வரும் பிள்ளைகள் அங்கே சாப்பிட்டதை இங்கேயும் கேட்கிறார்கள். ஷவர்மா, கிரில் சிக்கன், பர்கர், கலர் கலராக ஜூஸ், உட்கார்ந்து பேச ஒரு 'கஃபே'. எனக்கும் ஷவர்மா பிடிக்கும், அதை மறைக்கவில்லை. எறையூரில் 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்கா தொடங்கியது. காலணித் தொழிற்சாலை வந்தால் அதைச் சுற்றி டீக்கடை வரும், சாப்பாட்டுக் கடை வரும், அப்புறம் காலி மனையின் விலையும் ஏறும்.

இது நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. வேலை வருவது நல்லது. ரோடு போடுவதும் விளக்குப் போடுவதும் நல்லது. ஆனால் அந்த நல்லதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்க வேண்டும்.

நடப்பது இதுதான். ஒரு தெருவில் வாடகை குறைவாக இருக்கிறது. அதனால் அங்கே கையில் பெரிய முதல் இல்லாதவர் கடை போட முடிகிறது. விலை குறைவாக இருப்பதால் சுமை தூக்குபவர், காலேஜ் பிள்ளைகள், கண்டக்டர் டிரைவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர் எல்லோரும் அங்கே வந்து சாப்பிடுகிறார்கள். நாளாக நாளாக அந்தத் தெருவுக்குப் பேர் வந்துவிடுகிறது. எப்போதும் ஆள் நடமாட்டம். கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் பெரிய முதல் போடுபவர் வருவார். அவர் மூன்று மடங்கு வாடகை தரத் தயார். கட்டடத்துக்காரர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, அவர் வீட்டிலும் செலவு இருக்கும். ஆனால் கூட்டத்தைச் சேர்த்தது விடியற்காலையில் எழுந்து மாவு ஊற்றிய பெண். அந்தக் கூட்டத்துக்கான விலை போய்ச் சேருவது வேறு ஆளுக்கு.

நான் சமூகப்பணி படித்தபோது இதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று ஒரு வாயில் நுழையாத பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். 1964ல் லண்டனைப் பற்றி எழுதிய ரூத் கிளாஸ் என்ற பெண் ஆய்வாளர் வைத்த பெயர். கூலிக்காரர்கள் குடியிருந்த பகுதிகளுக்கு வசதியானவர்கள் வந்து, வீடுகளைச் சரிசெய்து, கடைசியில் பழைய ஆட்கள் அங்கே இருக்கவே முடியாமல் போவதைப் பற்றி அவர் எழுதினார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதி மார்க்கும் வாங்கினேன். அது என்ன என்று உண்மையில் புரிந்தது அன்றைக்கு வாசலில் அந்த அக்கா பேசியபோதுதான்.

நம் பக்கத்திலேயே இன்னொரு வகையில் இது நடந்திருக்கிறது. திருச்சி - சென்னை சாலை நான்கு வழிச் சாலையான பிறகு, பழைய ரோட்டோரத்தில் டீயும் வடையும் விற்ற கடைகள் பல காணாமல் போயின. வண்டி ஊருக்குள் வராமல் மேலேயே போய்விடுகிறது. தொலைதூரப் பேருந்துகள் நிற்பது பெரிய மோட்டல்களில். அங்கே ஒரு டீக்கு என்ன விலை என்று சென்னை போய் வந்தவர்களைக் கேளுங்கள்.

சென்னையில் பார்த்தது

ஒரு பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தபோது திருவல்லிக்கேணியில் தங்கினோம். மெரினா கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பகுதி. வெளியூரிலிருந்து வேலை தேடி வரும் ஆண்கள் தங்கும் 'மேன்ஷன்' என்ற விடுதிகள் சந்துக்குச் சந்து. அவர்களை நம்பி மெஸ்கள். மெஸ் என்றால் போர்டு, ஏசி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கூடம், பத்து மேசை, இலை, அளவில்லாத சோறு. ஊரிலிருந்து போன எத்தனையோ பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்வரை வயிறு காயாமல் பார்த்துக்கொண்டவை அந்த மெஸ்கள்தான். அதே சென்னையில் கொஞ்ச தூரம் தள்ளி ஆழ்வார்பேட்டை, பெசன்ட் நகர் பக்கம் போனால் ஒரு காபி 200 ரூபாய்க்கு மேல். காபிக்கொட்டைக்கு மட்டும் அந்த விலை இல்லை. உட்காரும் நாற்காலிக்கு, ஏசிக்கு, முக்கியமாக அந்தத் தெருவின் வாடகைக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

பட்டினப்பாக்கம் பக்கம் கடலோரமாக லூப் ரோடு என்று ஒரு சாலை. கலங்கரை விளக்கத்திலிருந்து நொச்சிக்குப்பம் வழியாகப் போகிறது. அது மீனவர் குடியிருப்பு. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வலை காயப்போட்டு, மீன் பிடித்து, கரையிலேயே வைத்து விற்பவர்கள். விற்பதில் பெரும்பாலும் பெண்கள். சுடச்சுட மீன் வறுத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. அந்த இடத்தின் வழியாகச் சாலை வந்தது. கார்கள் வந்தன. கார்கள் கூடியதும் மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற பேச்சு வந்தது. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது, மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். பெண்கள் ரோட்டிலேயே உட்கார்ந்தார்கள். "ரோடு எங்களைத் தேடி வந்ததா, நாங்க ரோட்டைத் தேடி வந்தோமா?" என்பதுதான் அவர்கள் பக்கத்து நியாயம். பிறகு 2024 ஆகஸ்டில் அங்கேயே 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. ஏறக்குறைய 15 கோடி ரூபாய் செலவு.

ஏன் அவர்களுக்கு அதே இடத்தில் கட்டடம் கிடைத்தது? அவர்கள் ஒரே குரலில் பேசினார்கள், 'வேறு எங்கேயாவது போங்கள்' என்பதை ஏற்கவில்லை. இடம் மாறினால் வியாபாரம் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதையில் கடை வைத்திருந்தவர்களை 2013ல் மாநகராட்சி கட்டிய மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். நடைபாதை அகலமானது, 2019ல் அழகான நடைபாதை வளாகமாகத் திறந்தார்கள். நடப்பவர்களுக்கு வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போகிற போக்கில் வாங்கும் வாடிக்கையாளர் படியேறி மேலே வருவாரா என்று அந்த வியாபாரிகள் அப்போதே குறைப்பட்டார்கள். இட்லிக் கடையை யாராவது மாடியில் தேடுவார்களா?

மலிவான சாப்பாடு எப்படி மலிவாகிறது?

இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாம் எல்லோருக்கும் ஒரே விலைதான். அப்படியானால் ஒருவர் குறைந்த விலைக்குப் போட்டால், மீதியை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்று அர்த்தம்.

அம்மா உணவகத்தை எடுத்துக்கொள்வோம். 2013 பிப்ரவரியில் சென்னையில் ஆரம்பித்தார்கள். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே சமைத்ததும் பரிமாறியதும் நம்மைப் போன்ற சுயஉதவிக் குழுப் பெண்கள். ஒரு ரூபாய்க்கு இட்லி கட்டுப்படியாகாது என்பது இட்லி சுட்ட அவர்களுக்கே தெரியும். மீதியை மாநகராட்சி சுமந்தது. கட்டடத்துக்கு வாடகை கிடையாது, பெண்களுக்குத் தினக்கூலி தனி.

கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் 2020லிருந்து 'ஜனகீய ஹோட்டல்' நடத்தினார்கள். மதியச் சாப்பாடு 20 ரூபாய், ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாய் அரசு மானியம். 2023 ஆகஸ்டில் மானியத்தை நிறுத்தியதும் சாப்பாடு 30 ரூபாய் ஆனது. கூட்டம் குறைந்து, பல இடங்களில் அந்தப் பெண்கள் திண்டாடினார்கள். மானியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மானியம் நின்றால் என்ன செய்வோம் என்ற கணக்கு முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் போயிருக்கும் சிங்கப்பூரில் வேறு ஒரு வழி செய்தார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் ரோட்டோரத் தள்ளுவண்டிச் சாப்பாடுதான். 1960களின் கடைசியில் எல்லா வண்டிக்காரர்களையும் கணக்கெடுத்துப் பதிவு செய்தார்கள். 1971 முதல் 1986 வரை, ஊர் முழுக்கத் தண்ணீர், சாக்கடை, கூரை வசதியோடு உணவுக்கூடங்கள் கட்டி அவர்களை அங்கே குடியேற்றினார்கள். 'ஹாக்கர் சென்டர்' என்று பெயர். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சென்டருக்குப் போய்ச் சாப்பிடாத தமிழ்ப் பிள்ளை அங்கே இருக்க முடியாது. சுற்றிலும் நிலத்தின் விலை ஆகாயத்தைத் தொட்டாலும், ஆரம்பத்தில் வந்த பழைய வியாபாரிகளுக்குக் கடை வாடகையைக் குறைவாக வைத்தது அரசு. அதனால்தான் அவ்வளவு பணக்கார ஊரிலும் கூலிக்குப் போன நம்ம பிள்ளைகள் கையைக் கடிக்காமல் சாப்பிட முடிந்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த ஹாக்கர் உணவுப் பழக்கத்தைப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது.

சரி, நம் கடைத்தெரு இட்லிக் கடையில் மீதியை யார் சுமக்கிறார்கள்? மானியம் இல்லை, அரசுக் கட்டடம் இல்லை. அந்தக் கடைக்கார அக்காவின் முதுகுதான் சுமக்கிறது. கணக்கைப் பாருங்கள்.

ஒரு இட்லி 8 ரூபாய், ஒரு நாளைக்கு 300 இட்லி என்று வைத்துக்கொள்வோம். (வடை, பொங்கலைச் சேர்த்தால் கணக்கு குழம்பும், இட்லி மட்டும் போதும்.) வரவு 2,400. அரிசி, உளுந்து, சாம்பார், சட்னி, கேஸ், இலை, உதவிக்கு வரும் பெண்ணின் கூலி எல்லாம் சேர்த்து 1,500. அதாவது ஒரு இட்லிக்கு 5 ரூபாய் செலவு, 3 ரூபாய் மிச்சம். கையில் 900 நிற்கும். மாதம் 26 நாள் கடை. வாடகை 3,000 என்றால் ஒரு நாளைக்கு 115 ரூபாய். கடைசியில் மிஞ்சுவது 785.

இப்போது வாடகை 9,000. ஒரு நாளைக்கு 346 ரூபாய். மிஞ்சுவது 554. பழைய 785 கிடைக்க வேண்டுமென்றால் தினமும் இன்னும் 77 இட்லி விற்க வேண்டும். அல்லது இட்லி விலையை 80 காசு ஏற்ற வேண்டும். 80 காசு யாரும் தரமாட்டார்கள், 1 ரூபாய்தான் ஏற்ற முடியும். ஏற்றினால் நாலு இட்லி சாப்பிடும் சுமை தூக்குபவர் மூன்றோடு எழுந்துவிடுவார்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, கடையைக் கழுவி மூடப் பதினொன்றரை. மத்தியானம் மாவு அரைக்க, சாமான் வாங்க இரண்டு மணி நேரம். மொத்தம் 10 மணி நேர உழைப்பு. பழைய வாடகையில் மணிக்கு 78 ரூபாய், புது வாடகையில் 55. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் தேங்காய் துருவிக் கொடுக்கும் மகளுக்குக் கூலியே போடவில்லை. நாம் கல்லாவில் இருக்கும் பணத்தையெல்லாம் லாபம் என்று நினைக்கிறோம். அதில் பாதிக்கு மேல் நம் கூலி. வாடகை ஏறும்போது குறைவது நம் கூலிதான்.

இந்தக் கணக்கை அந்த அக்காவோடு உட்கார்ந்து போட்டபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப 11 வருசமா ஊருக்கு விலை குறைச்சுப் போட்டது நான்தானா?" என்றார்.

இந்தக் கடை போனால் இழப்பு அவருக்கு மட்டும் இல்லை. டீக்கடை பெஞ்சில் நாம் உட்கார முடியுமா, சொல்லுங்கள்? பக்கத்துக் கிராமத்திலிருந்து வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரும் பெண்கள், கைக்குழந்தையோடு கூச்சமில்லாமல் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடுவது இந்த மாதிரிப் பெண்கள் நடத்தும் கடையில்தான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? காசும் வேண்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். முதல் கேள்வி, உங்கள் அடுப்பு யார் இடத்தில் இருக்கிறது? பேரூராட்சி ரோடா, நெடுஞ்சாலைத் துறை இடமா, தனியார் கட்டடமா, பள்ளிவாசல் அல்லது கோயில் இடமா, சொந்த வீட்டு வாசலா? நான் கேட்ட பத்து பேரில் ஆறு பேருக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. "எப்பவுமே அங்கதான் போடுவோம்" என்றார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் பாதுகாப்பு வேறு வேறு.

ரோட்டோரத்தில், தள்ளுவண்டியில், கூடையில் விற்பவர்களுக்கு 2014ல் ஒரு மத்திய சட்டம் வந்தது. சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கும் சட்டம். அதற்கு முன்பே 1989ல், நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அடிப்படை உரிமைதான், அரசு அதை ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2014 சட்டப்படி, உள்ளாட்சி கணக்கெடுப்பு நடத்தி விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை இருப்பவரை அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். சாமானைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால், கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். மாவு, காய்கறி, பால் எல்லாம் கெட்டுப்போகும் பொருள்தான், மறந்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சிறுபான்மையினருக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய இடம் தர வேண்டும். குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதிப் பழகிய நமக்கு இந்தக் குழுவில் உட்காருவது பெரிய காரியமா?

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்குத்தான். லப்பைக்குடிக்காடு பேரூராட்சி என்பதால் இங்கே செல்லும். சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் கடை வைத்திருப்பவர்கள் இதைக் காட்டிக் கேட்க முடியாது. அவர்கள் ஊராட்சியில் அனுமதியும், கடைக்கு ரசீதும் வாங்கி வைத்துக்கொள்வதுதான் இப்போதைக்கு உள்ள வழி. எறையூர் பக்கம் கடை போட நினைக்கும் சகோதரிகள் இதை மனதில் வைத்து, இடத்துக்காரரிடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். கடை பிரபலமான பிறகு கேட்டால் எழுதித் தரமாட்டார்கள்.

சான்றிதழ் யார் பெயரில் என்பதிலும் ஏமாறாதீர்கள். யார் உட்கார்ந்து விற்கிறாரோ அவர் பெயரில் இருக்க வேண்டும். விற்பவர் இறந்துவிட்டால் அல்லது உழைக்க முடியாமல் போனால், கணவனோ மனைவியோ பிள்ளையோ தொடரலாம். வேறு ஆளுக்கு வாடகைக்கு விட முடியாது. "வீட்டுக்காரர் பேர்ல இருக்கட்டுமே" என்று விட்டுவிட்டு, பிறகு கடனுக்கு அலைந்த சகோதரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. பிரதமரின் ஸ்வநிதி என்ற திட்டம் 2020 ஜூனில் கொரோனா நேரத்தில் வந்தது. முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000 என்று இருந்தது. 2025 ஆகஸ்டில் அதை 15,000, 25,000, 50,000 என்று மாற்றி, 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். பிணை தேவையில்லை, தவணை தவறாமல் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் திரும்ப வரும். ஆனால் உள்ளாட்சியின் அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். எல்லாம் மறுபடி அந்தக் காகிதத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

உணவு விற்பவர் எல்லோருக்கும் உணவு பாதுகாப்புத் துறைப் பதிவு அவசியம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இது கட்டாயம். சின்னக் கடைக்குப் பெரிய லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். தெருவோர உணவு வியாபாரிகளுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை என்று 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். நோன்பு மாதத்தில் வீட்டிலிருந்தே சமோசா, கட்லெட் போட்டு விற்கும் சகோதரிகளும் பதிவு செய்துகொள்வது நல்லது. பெரிய கடைக்காரர் உங்களிடம் மொத்தமாக வாங்க வந்தால் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார். கூடவே ஒன்று, வீட்டு சிலிண்டரைக் கடையில் வைக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் மற்ற எல்லா நியாயமும் அடிபட்டுப் போகும்.

தனியார் கட்டடத்தில் இருப்பவருக்குச் சாலையோரச் சட்டம் உதவாது. அங்கே வாடகை ஒப்பந்தம்தான் துணை. தமிழ்நாட்டில் 2017ல் ஒரு வாடகைச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நகர்ப் பகுதிகளில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்கிறது. எவ்வளவு காலம், எவ்வளவு வாடகை, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று மூன்றும் எழுதியிருந்தால், திடீரென்று மூன்று மடங்கு கேட்க முடியாது. நம் அக்காவிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. 11 வருடமும் வாய் வார்த்தைதான். முதல் ஐந்து வருடத்துக்கு முன்பணம் கொடுத்ததற்கும் ரசீது இல்லை.

கடைக்கு நேரமும் ஒரு இடம்தான்

குஜராத்தில் அகமதாபாத் நகரின் நடுவில் மாணிக் சௌக் என்று ஒரு சதுக்கம் இருக்கிறது. பகலில் அங்கே நகைக்கடை வியாபாரம். இரவில் அதே இடத்தில் தோசைக்கல்லும் சாண்ட்விச் அடுப்பும் வந்துவிடும். விடிய விடியச் சாப்பாட்டுக் கூட்டம். ஒரே இடம், பொழுதுக்கு ஒரு தொழில். 1972ல் இலா பட் அம்மையார் தொடங்கிய 'சேவா' பெண்கள் சங்கம் அந்தச் சதுக்கத்துக் காய்கறி விற்கும் பெண்களுக்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இதைக் கூட்டத்தில் சொன்னபோதுதான் நம் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் கடை பத்தரைக்கு மேல் பூட்டித்தானே கிடக்கிறது? செல்போன் கவர், சார்ஜர் விற்கும் ஒரு பையன் பகலுக்கு மட்டும் இடம் தேடிக்கொண்டிருந்தான். பதினொன்றரை வரை இவர், அதற்குப் பிறகு ராத்திரி வரை அவன். கட்டடத்துக்காரர் கேட்ட 9,000த்தில் இவர் 4,000, அவன் 5,000. இவருக்கு ஒரு நாளைக்கு 154 ரூபாய்தான் விழும். பழைய வாடகையைவிட 39 ரூபாய் கூடுதல், 13 இட்லி கூட விற்றால் சரியாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு கவர் மேல் படும் என்று பையன் கொஞ்சம் யோசித்தான். பித்தளை அடுக்குகளையும் அடுப்பையும் பின்பக்கம் தள்ளித் தடுப்பு வைப்பதாக முடிவு.

குழுவிலிருந்து மூன்று பேரும் நானும் கட்டடத்துக்காரரைப் போய்ப் பார்த்தோம். சண்டைக்குப் போகவில்லை. இட்லிக் கணக்கை அப்படியே காட்டினோம். "இவ்வளவுதான் மிஞ்சுதா?" என்று அவரே கேட்டார். மூன்று வருடம், வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கேட்டிருக்கிறோம். அவர் இரண்டு வருடம், 10 சதவீதம் என்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை. பழைய முன்பணத்தை ஒப்பந்தத்தில் எழுத மட்டும் ஒத்துக்கொண்டுவிட்டார்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உணவுக் கடை நடத்தும் சகோதரிகள் ஆதார் அட்டை, பாஸ் புத்தகம், கடை நிற்கும் இடத்தின் போட்டோ ஒன்று, இதுவரை கடைக்காகக் கட்டிய ரசீது எது இருந்தாலும் அது, கூடவே ஒரு வாரத்து வரவு செலவை எழுதிய தாள் ஆகியவற்றோடு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை விட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். பேரூராட்சியில் சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் யார் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, விட்டுப்போனவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். காலைக் கடை வைத்திருப்பவர்களுக்காகக் கூட்டத்தைப் பதினொரு மணிக்குப் பதில் மத்தியானம் இரண்டு மணிக்கு மாற்றியிருக்கிறோம்.